பெட்டியடியில் உட்காராமல் முதலாளியா?

கேள்வி: எனக்கு 34 வயது. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் மாதம் 38,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். சம்பளக்காரனுக்குப் பணக்கவலை ஒருநாளும் தீராது, சொந்தத் தொழில்தான் விடுதலை என்று அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். மனைவியின் நகைகளை அடகு வைத்து, 9 லட்சம் ரூபாய் முதலீட்டில் செட்டிநாட்டுப் பலகாரக் கடை தொடங்க எண்ணியிருக்கிறேன். முதலாளிகள் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு இதற்குத் தயங்கலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: தயங்கத்தான் வேண்டும். இந்த மண்ணின் முதலாளிகளில் பெரும்பாலோர் சம்பளக்காரர்களாக இருந்துதான் தொழிலைக் கற்றார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிய நகரத்தார் பிள்ளைகள், கடையின் பணப்பெட்டியருகே உட்கார்ந்து வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏவல் செய்து, கணக்கெழுதப் பழகி, மேலாளுக்கு உதவியாளரான அடுத்தாளாகி, அதன் பிறகே கடையைப் பொறுப்பேற்று நடத்தும் மேலாளானார்கள். சொந்தக் கடை இருந்த வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் வேலை பழகியதுண்டு. மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசி அனுப்பப்பட்டவர், அதில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்று, அதைச் செலவழிக்காமல் வட்டிக்கு விட்டு, சில தவணைகளில் தமக்கென்று ஒரு முதலைச் சேர்த்த பிறகுதான் தனிக்கடை பற்றிப் பேசினார். சம்பளம் அவருக்குத் தளையாக இருக்கவில்லை. முதல் அதிலிருந்துதான் வந்தது.

முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கிய பழைய பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. பிள்ளையார் சுழிக்குக் கீழே ஆயிரக்கணக்கான ரூபாய் பற்றும் வரவும் எழுதப்பட்ட அதே கையெழுத்தில், தபால் முத்திரைக்கு அரையணா, விளக்குக்கு எண்ணெய் இரண்டணா என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரங்களைக் கையாண்ட அந்தக் கடை அரையணாவை எழுதாமல் விடவில்லை. உங்கள் கடிதத்தில் சம்பளம் இருக்கிறது, முதல் இருக்கிறது. மாதச் செலவு எவ்வளவு, ஏற்கெனவே உள்ள கடன் எவ்வளவு, அதற்கு என்ன வட்டி என்பது ஓரிடத்திலும் இல்லை. வீட்டுக் கணக்கைச் சொல்ல முடியாதவரின் கையில் கடைக் கல்லாவைக் கொடுத்தால், வீட்டுச் செலவெல்லாம் அந்தக் கல்லாவிலிருந்தே போகும். கடை நட்டத்தில் நடக்கிறது என்பதுகூட அவருக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரியும்.

இங்கே ஒரு வழக்கம் இருந்தது. மகனுக்குத் திருமணமானதும் அதே வீட்டுக்குள்ளேயே அவனை 'வேறு வைப்பார்கள்'. வளவு என்னும் உள்முற்றம் ஒன்று, வாசல் ஒன்று. ஆனால் அடுப்பு வேறு. ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்ததற்குள் புதுக் குடும்பம் தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கோடிக்கணக்கில் சொத்து வைத்திருந்தவர்களும் தம் பிள்ளைகளை இப்படித்தான் பழக்கினார்கள். நீங்களும் முதலில் உங்களை நீங்களே வேறு வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு, தொழிலுக்கென்று சேர்க்கும் பணத்துக்கு வேறொரு கணக்கு.

இனி உங்கள் கடைக்கு வருவோம். 9 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 9,000 ரூபாய். வாடகை 15,000, பலகாரம் சுடவும் விற்கவும் இரண்டு பேருக்குக் கூலி 24,000 என்று குறைத்தே வைப்போம். மொத்தம் 48,000. மாவு, எண்ணெய், எரிவாயு, பொட்டலம், விற்காமல் காறிப்போனது எல்லாம் கழித்து நூறு ரூபாய் விற்பனையில் 25 ரூபாய் நின்றால், இந்தச் செலவை மட்டும் ஈடுகட்ட மாதம் 1,92,000 ரூபாய்க்கு, அதாவது நாளொன்றுக்கு 6,400 ரூபாய்க்கு விற்க வேண்டும். இதில் உங்களுக்கு ஒரு காசு வரவில்லை. இன்று கைக்கு வரும் 38,000 ரூபாயும் வேண்டுமென்றால், விற்பனை நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,500 ரூபாயாக வேண்டும். தீபாவளிக்கும் கல்யாண முகூர்த்தங்களுக்கும் தேன்குழலும் மனகோலமும் சீப்புச்சீடையும் அந்த அளவுக்குப் போகலாம். ஆடி மாதத்தில் போகுமா? வட்டியும் வாடகையும் ஆடி மாதத்திலும் உண்டு.

உங்கள் கேள்வியில் என்னை மிகவும் உறுத்தியது நகை. அதைப் பற்றி உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று ஒரு சொல்கூட இல்லை. அந்தக் காலத்துக் கடைகள் பலவற்றில் ஆச்சிமார் பணம் என்று ஒரு வகை உண்டு. வீட்டுப் பெண்களின் சீர்ப்பணமும் சேமிப்பும் கடையில் போடப்பட்டால், அது அவர்கள் பெயரில் வரவாக எழுதப்பட்டு, அதற்கு வட்டியும் ஏறும். கடைக்காரர் கணவரேயானாலும் அது கடை பட்ட கடன்தான். உங்கள் மனைவி முழு மனதோடு சம்மதித்தால், புதுக் கணக்கின் முதல் பக்கத்தில் அவர் பெயரையும் நகையின் எடையையும் எழுதுங்கள்; மாதாமாதம் அவருக்கு வட்டி கட்டுங்கள். அப்படி எழுதக் கை வரவில்லையென்றால் நகையைத் தொடாதீர்கள்.

கடை முதலாளி ஆகிவிட்டாலே கவலை தீர்ந்துவிடும் என்பதையும் இந்த ஊரின் வரலாறு ஒப்புக்கொள்ளாது. 1930-களில் நெல் விலை விழுந்தபோது பர்மாவில் கொடுத்த கடன் திரும்பவில்லை. பணத்துக்கு ஈடாக வயல்கள் கைக்கு வந்தன. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-இல் பர்மா அரசின் நில நாட்டுடைமைச் சட்டம். முழு முதலையும் ஒரே நாட்டில் வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ வீட்டின் தேக்குக் கதவைக் கழற்றி விற்கும் நிலைக்கு வந்தன. 1900-இல் பர்மாவின் மௌல்மேனில் தொடங்கிய இன்றைய முருகப்பா குழுமம், போர் வருமுன்னரே முதலை இந்தியாவுக்குத் திருப்பியிருந்ததால் தப்பியது. நீங்களோ சம்பளம், நகை என்ற இரண்டையும் ஒரே கடையில் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறீர்கள்.

கடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்தத் தொழில் ஒரு குடும்பத்தை நிமிர்த்தும் என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். வேலையை விடாதீர்கள். அதிக வட்டிக் கடன் இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கி வைப்பில் போடுங்கள். இதற்கிடையில், பலகாரம் சுடும் கைப்பக்குவம் உள்ள ஒருவரோடு சேர்ந்து, சீர்ப் பலகாரத்துக்கும் விசேஷங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பவர்களுக்கு மட்டும் விடுமுறை நாட்களில் செய்து கொடுங்கள். அரையணாவையும் விடாமல் எழுதுங்கள். ஆடி மாதம் ஒன்று உள்ளடங்கிய அந்த ஆறு மாதக் கணக்கை எனக்கு அனுப்பினால், வரிவரியாகப் பார்த்து, கடை பிடிக்கலாமா என்று இதே பக்கத்தில் பதில் எழுதுகிறேன்.