ஜேம்ஸ் பாண்ட் படங்களில் எவை சிறந்தவை? கானரி படங்களா, மூர் படங்களா, கிரெய்க் படங்களா?

இந்தக் கேள்விக்கு ரசிகர்கள் பெரும்பாலும் நடிகர் பெயரைத்தான் பதிலாகச் சொல்வார்கள். நானும் பல வருஷம் கானரி கட்சியில் இருந்தவன்தான். 25 படங்களையும் வெளிவந்த வரிசையிலேயே ஒருமுறை பார்த்து முடித்ததும் அந்தக் கட்சியை விட்டு வெளியே வந்துவிட்டேன். 1963-ல் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்தில் நடித்த அதே கானரிதான் 1971-ல் ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்திலும் நடித்தார். முதலாவதை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். இரண்டாவதை ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. ஆள் ஒருவர்தான், ஆனால் படம் வேறு.

பாண்ட் தோற்றுவிடுவானோ என்று நம் வயிற்றில் ஒரு பயம் வர வேண்டும். நான் பார்ப்பது இதைத்தான்.

1963 படத்தின் ரயில் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் குறுகலான ஓர் அறை. பாண்டைக் கொல்ல வந்தவனாக நடிக்கும் ராபர்ட் ஷா துப்பாக்கியோடு நிற்கிறார், பாண்ட் மண்டியிட்டிருக்கிறான். தங்கக் காசு ஆசை காட்டிப் பெட்டியைத் திறக்க வைக்கிறான், கண்ணீர்ப்புகை வெடிக்கிறது, விளக்கு உடைந்து அறை முழுக்க நீல வெளிச்சம். சண்டை நடக்கும்போது பின்னணி இசையே கிடையாது. ரயில் ஓடும் சத்தமும் இரண்டு பேரின் மூச்சிரைப்பும்தான் கேட்கின்றன. ஒருத்தன் செத்தால்தான் இன்னொருத்தன் வெளியே வர முடியும் என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிர், 1974-ல் வந்த ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’. தாய்லாந்தில் உடைந்த பாலத்தின் மேல் ஒரு கார் காற்றில் முழுசாக ஒரு சுற்றுச் சுழன்று அக்கரையில் இறங்கும். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் திட்டமிட்டு, ஒரே டேக்கில் நிஜமாகவே செய்த ஸ்டண்ட் அது. கார் சுழலும் அந்த நொடியில் பின்னணியில் கார்ட்டூன் படத்தில் வருவது மாதிரி ஒரு விசில் ஒலி! ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை அந்த ஒரு ஒலி விளையாட்டாக்கிவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

அதனால் நடிகரை விட்டுவிட்டு எடிட்டிங் மேஜையில் இருந்தவர்களைப் பாருங்கள் என்பேன். அந்த ரயில் சண்டையை வெட்டி ஒட்டிய எடிட்டர் பீட்டர் ஹன்ட். 1969-ல் அவர் முதன்முறையாக இயக்கிய படம்தான் ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’. என் முதலிடம் அதற்குத்தான்.

அதில் பாண்டாக நடித்த ஜார்ஜ் லேசன்பிக்கு நடிக்கத் தெரியாது என்று உடனே சண்டைக்கு வருவார்கள். மாடலாக இருந்தவர், நடிப்பு அனுபவம் இல்லை, படத்தின் ஒரு பகுதியில் அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்திருக்கிறார், எல்லாம் உண்மை. ஆனால் ஒரு காட்சியை மட்டும் பாருங்கள். சுவிஸ் மலை உச்சியிலிருந்து தப்பிய பாண்ட், கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குள் ஒளிகிறான். துரத்துகிறவர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். கேமரா ஃபிளாஷ் அடித்தால்கூடத் திடுக்கிடுகிறான். ஓடக் களைத்துப்போய், பனிச்சறுக்குத் தளத்தின் ஓரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிடுகிறான். அவன் முன்னால் ஒரு ஜோடி ஸ்கேட்டிங் காலணி வந்து நிற்கிறது. நிமிர்ந்தால் டயானா ரிக், அதாவது பாண்டின் காதலி ட்ரேசி. அந்த முகத்தில் இருக்கிற பயமும் நிம்மதியும் வேறு எந்த பாண்டிடமும் நான் பார்க்காதது. தேர்ந்த நடிகர் ஒருவர் செய்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கலாம், இவ்வளவு நிஜமாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மூர் ரசிகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 1969 படத்தின் எடிட்டர் ஜான் க்ளென். அவர்தான் 1981-ல் மூரை வைத்து ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ எடுத்தார். பாண்ட் ஒரு கல்லறையில் நிற்பதோடு படம் தொடங்குகிறது. கடைசியில் செங்குத்துப் பாறையில் மூர் கயிற்றில் தொங்க, மேலே ஒருவன் கயிற்றைத் தாங்கும் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றுவான். எப்போதும் புருவம் உயர்த்திச் சிரிக்கிற மூரை அங்கே காணவே முடியாது. இதே க்ளென் 1985-ல் எடுத்த ‘எ வியூ டு எ கில்’ எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கிரெய்க் படங்களில் 2006-ன் ‘கசினோ ராயல்’ மட்டும்தான் இந்த உயரத்துக்கு வருகிறது. கிரெய்க்குக்கு முன் பாண்டாக இருந்த பிராஸ்னனுக்கு ‘கோல்டன் ஐ’ கொடுத்த அதே மார்ட்டின் கேம்ப்பெல்தான் இதையும் இயக்கினார். படிக்கட்டில் இரண்டு பேரைக் கொன்றுவிட்டு, சட்டையெல்லாம் ரத்தத்தோடு கண்ணாடி முன் நின்று பாண்ட் ஒரு மிடறு குடிக்கும் இடம் போதும். ‘ஸ்கைஃபால்’ கண்ணுக்கு விருந்துதான், ஆனால் வில்லனின் திட்டம் முழுக்கத் தற்செயல்களை நம்பி நிற்கிறது.

முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 1969 படத்தின் கடைசிக் காட்சியில், கல்யாணமான சில மணி நேரத்திலேயே ட்ரேசி சுடப்பட்டு இறக்கிறாள். கார் கண்ணாடியில் குண்டு துளைத்த ஓட்டையோடு படம் முடிகிறது. அந்தப் படத்துக்காக லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய காதல் பாட்டைத்தான், 52 வருஷம் கழித்து கிரெய்க்கின் ‘நோ டைம் டு டை’ முடிகிறபோது திரும்ப ஒலிக்க விட்டார்கள்.