வீட்டு பேட்டரியை ராத்திரியில் கார் காலி செய்கிறது: கிளவுட் ஆட்டோமேஷன் வாங்கலாமா?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் தனி வீடு. மாடியில் 5 கிலோவாட் சோலார், நெட் மீட்டர் இருக்கிறது. இந்த வருடம் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் (சோலார், பேட்டரி, ஈபி மூன்றையும் சேர்த்து இயக்குவது) 10 யூனிட் லித்தியம் பேட்டரியும் போட்டோம். எலக்ட்ரிக் காருக்கு 7.2 கிலோவாட் சார்ஜர் சுவரில் மாட்டியிருக்கிறோம். போன வாரம் இரவு 9 மணிக்குக் காரைச் சார்ஜில் போட்டேன். ஒரு மணிக்கு மழையில் கரண்ட் போனது. அந்த நொடியே வீடும் இருட்டாகிவிட்டது. ஆப்பில் பார்த்தால் பேட்டரி 20 சதவீதம். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவின் காற்று மெத்தை இறங்கிவிட்டது. வெண்டரிடம் சொன்னேன். “கிளவுட் ஆட்டோமேஷன், அதாவது இணையம் வழியாகக் காரையும் பேட்டரியையும் தானாக இயக்குவது, போட்டால் சரியாகிவிடும், ராத்திரி விலை குறைந்த கரண்டில் காரும் பேட்டரியும் தானாக நிரம்பும்” என்கிறார். 45,000 ரூபாய், அது போக வருடச் சந்தா 6,000. போடலாமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் அம்மாவின் மெத்தைக்கு வழி பார்ப்போம். அதற்கு இணையமே தேவையில்லை. ஒரு எலக்ட்ரீஷியனும் அரை நாளும் போதும்.

அன்று இரவு நடந்தது இதுதான். உங்கள் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில், ஈபியிலிருந்து வரும் ஒயரைச் சுற்றித் துணி கிளிப் மாதிரி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி கவ்விக்கொண்டிருக்கும். அதற்கு சிடி என்று பெயர். மேலே ஒரு அம்புக்குறி இருக்கும். வீடு ஈபியிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்று இன்வெர்ட்டருக்குச் சொல்வது அதுதான். வீடு ஈபியிலிருந்து எடுப்பதைப் பூஜ்யமாக்க வேண்டும் என்பது இன்வெர்ட்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை. 9 மணிக்குக் கார் 7 கிலோவாட் கேட்டதும், அது காரா கிரைண்டரா என்று இன்வெர்ட்டருக்குத் தெரியாது. தன்னால் முடிந்த 5 கிலோவாட்டை பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது, மீதி ஈபியிலிருந்து வந்தது. 10 யூனிட் பேட்டரி இப்படி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஈபி லைனில் கரண்ட் நன்றாக இருக்கும்போதே, அம்மாவுக்காக வாங்கிய பேட்டரி காருக்குள் போய்விட்டது.

எலக்ட்ரீஷியனிடம் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். கார் சார்ஜரின் லைன், மெயின் ஸ்விட்சுக்கும் சிடிக்கும் நடுவிலிருந்து பிரிய வேண்டும். பெரும்பாலும் லைனை மாற்றவே வேண்டியிருக்காது. சிடியைக் கழற்றி, கார் லைன் பிரியும் இடத்தைத் தாண்டி, வீட்டுப் பக்கமாக மாட்டினால் போதும். அம்பு முன்பு எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்க்க வேண்டும். திரும்பிவிட்டால் இன்வெர்ட்டர் கணக்கைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும். இதன் பிறகு காருக்குப் போகும் கரண்ட் இன்வெர்ட்டரின் கண்ணிலேயே படாது, காருக்காக பேட்டரியும் அசையாது. கார் லைனுக்குத் தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் ஸ்விட்ச்), தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்), சரியான எர்த் இருக்கிறதா என்று அதே கையோடு பார்த்துவிடச் சொல்லுங்கள். மீட்டரின் சீலை யாரும் தொடக் கூடாது.

சார்ஜர் இன்வெர்ட்டரின் பேக்கப் பக்கத்தில், அதாவது ஈபி போனாலும் பேட்டரியில் ஓடும் லைனில், இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி இருந்தால் அது தப்பு. கரண்ட் போன நொடியில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 7 கிலோவாட் காரைச் சுமக்கப் பார்த்து ட்ரிப் ஆகும், அல்லது மிச்சம் இருக்கும் பேட்டரியையும் கார் இழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது வேலை, இன்வெர்ட்டரின் செட்டிங். அங்கே இரண்டு அளவுகள் இருக்கும். ஈபி இருக்கும்போது பேட்டரி எதுவரை இறங்கலாம் என்பது ஒன்று. ஈபி இல்லாதபோது எதில் நிறுத்த வேண்டும் என்பது இன்னொன்று. உங்கள் வீட்டில் இரண்டையுமே 20 என்று வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதனால்தான் கரண்ட் போன நொடியே இருட்டு. முதல் அளவை மாலை 6 முதல் காலை 6 வரை 80 ஆக்குங்கள், இரண்டாவது 20 ஆகவே இருக்கட்டும். இப்போது வரும் பெரும்பாலான ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில் ஒரு நாளை ஐந்தாறு நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் வைக்க வசதி உண்டு. அது இன்வெர்ட்டருக்குள்ளேயே பதிந்துவிடும். வைஃபை அறுந்தாலும், எங்கோ இருக்கும் சர்வர் படுத்தாலும், செட்டிங் மாறாது. 80க்கும் 20க்கும் நடுவில் 6 யூனிட். இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ், நான்கு லைட், மெத்தையின் பம்ப் எல்லாம் சேர்ந்து சராசரியாக 300 வாட் என்று வைத்தால், எட்டு மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட்கூட ஆகாது. அம்மா விடியும்வரை நிம்மதியாகத் தூங்கலாம்.

சரி, அந்த “விலை குறைந்த ராத்திரி கரண்ட்” விஷயத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. பிரிட்டனில் நள்ளிரவு முதல் விடிகாலைவரை யூனிட் விலை பகல் விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும் திட்டங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அரை மணிக்கு ஒருமுறை விலை மாறும் திட்டங்களும் உண்டு. அங்கே காரையும் பேட்டரியையும் கிளவுடில் இணைத்து, விலை இறங்கும்போது நிரப்புவதில் நிஜமாகவே காசு மிச்சம். அந்த ஊர் வீடியோவைக் காட்டி இந்த ஊரில் விற்கிறார்கள். உங்கள் ஈபி பில்லை எடுத்துப் பாருங்கள். ராத்திரி என்றும் பகல் என்றும் அதில் எங்காவது பிரித்திருக்கிறதா? இருப்பது ஸ்லாப் மட்டும். இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசம், அதன் பிறகு ஏறிக்கொண்டே போய், 2024 ஜூலைத் திருத்தத்தின்படி 1,000 யூனிட்டுக்கு மேல் யூனிட் 11 ரூபாய் 80 காசு. ராத்திரி 2 மணிக்கு எடுத்தாலும் மாலை 7 மணிக்கு எடுத்தாலும் ஒரே கணக்குதான்.

நேரத்துக்கு ஒரு விலை வரவே வராதா என்று கேட்பீர்கள். மத்திய அரசு 2023இல் விதியைத் திருத்தி, விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1க்குள் அது வர வேண்டும், ஸ்மார்ட் மீட்டர் (எந்த நேரத்தில் எவ்வளவு எடுத்தோம் என்று பதியும் மீட்டர்) மாட்டியதும் நடைமுறைக்கு வர வேண்டும் என்றது. ஸ்மார்ட் மீட்டர் முதலில் வீட்டு வாசலுக்கு வரட்டும். வருடக்கணக்காக டெண்டர், ரத்து, மறு டெண்டர் என்று இழுக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் இல்லாத கட்டணத்தைக் காட்டி ஜனங்களிடம் பணம் பறிக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விதி குறைந்த விலை என்று சொல்வது வெயில் நேரத்தை. சோலார் மணிகளில் 10 முதல் 20 சதவீதம் குறைவு என்றுதான் அறிவித்தார்கள். வெண்டர் சொல்கிற ராத்திரி, நாளைக்கே விதி வந்தாலும் பொருந்தாது.

உங்களுக்கு நெட் மீட்டர் இருப்பதால் கணக்கு இன்னும் எளிது. பகலில் சோலார் ஈபிக்குக் கொடுப்பதை, ராத்திரி கார் எடுப்பதில் கழித்துக்கொள்கிறார்கள். 5 கிலோவாட் நம் ஊர் வெயிலில் நாளுக்கு 20 யூனிட் சுமாராகத் தரும், இரண்டு மாதத்துக்கு 1,200. கார் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால் சார்ஜிங் இழப்பையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் அளவுக்கு ஆகும். மிச்சம் வீட்டுக்கு. பகல் யூனிட்டை பேட்டரியில் போட்டு ராத்திரி காருக்குக் கொடுத்தால் நூறில் பத்துப் பதினைந்து யூனிட் சூடாகவே போய்விடும், பேட்டரியின் ஆயுளும் தேயும். நெட் மீட்டர் இருக்கிற வீட்டில் பேட்டரியின் வேலை கரண்ட் போகும்போது கைகொடுப்பது. அதை வைத்துக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். பேட்டரிக்கும் மானியம் உண்டு என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் உச்சவரம்புள்ள மானியம் பேனல் கிலோவாட்டுக்குக் கணக்கிடப்படுவது.

அப்படியானால் கிளவுட் எதற்கு? பார்ப்பதற்கு. அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டில் கரண்ட் போனால் போனுக்குச் செய்தி வரும், பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அதற்கு ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் பேக்கப் லைனில் இருக்க வேண்டும். கரண்ட் போனதும் ரவுட்டர் அணைந்தால் எந்தச் செய்தியும் வராது. இன்வெர்ட்டரின் வைஃபை ஸ்டிக் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும் என்பதால், ரவுட்டரில் அந்த அலைவரிசை ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். “சோலார் மிச்சத்தைப் பார்த்து கிளவுட் கார் சார்ஜைக் கூட்டிக் குறைக்கும்” என்பதையும் அளவோடு நம்புங்கள். பல ஸ்டிக்குகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் சர்வருக்குக் கணக்கு அனுப்பும். ஆடி மாதத்து மேகம் ஐந்து நிமிடத்தில் மூன்று தடவை வந்து போகும். அதோடு, கார் 6 ஆம்பியருக்குக் கீழே, அதாவது சுமார் 1.4 கிலோவாட்டுக்குக் கீழே, சார்ஜ் ஏற்றிக்கொள்ளாது. கார் எப்போது சார்ஜ் ஏற வேண்டும் என்பதற்குச் சார்ஜரிலோ காரிலோ இருக்கும் டைமர் போதும்.

இப்போது நான் எல்லோரிடமும் சண்டை போட்டுச் சொல்கிற விஷயம். உங்கள் இன்வெர்ட்டரின் கிளவுட் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலான வெண்டர்கள் தங்கள் இமெயிலில் கணக்கைத் திறந்து, உங்களுக்குப் “பார்க்கும் அனுமதி” மட்டும் கொடுத்திருப்பார்கள். பீளமேட்டில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே வந்த டெக்னீஷியன் பையன் தன் போனைத் திறந்து காட்டினான். நாற்பது வீடுகளின் பட்டியல். ஒவ்வொரு வீட்டின் பெயர், பேட்டரி அளவு, பக்கத்தில் இன்வெர்ட்டரை நிறுத்தும் பட்டன். டீக்கடையில் நின்றபடியே யார் வீட்டை வேண்டுமானாலும் அணைக்கலாம். அவன் நல்ல பையன். நாளை அவன் வேலையை விட்டுப் போனால் அந்த போன் யார் கைக்குப் போகும்? சந்தா கட்டாத வீட்டின் செட்டிங்கைப் பூட்டி வைத்த வெண்டரையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான இன்வெர்ட்டர் கம்பெனிகள் வீட்டுக்காரருக்கு ஆப்பை இலவசமாகவே கொடுக்கின்றன. உங்களிடம் கேட்கும் 6,000 ரூபாய் எதற்கு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

இன்றைக்கே வெண்டரை உட்கார வைத்து, கணக்கை உங்கள் இமெயிலுக்கும் உங்கள் போன் எண்ணுக்கும் ஓனராக மாற்றச் சொல்லுங்கள். ஓடிபி உங்கள் போனுக்கு வர வேண்டும். வைஃபை ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் கியூஆர் கோடையும் போட்டோ எடுத்து வையுங்கள். வெண்டர் கடையை மூடிவிட்டால் கம்பெனியிடம் நேரடியாகக் கணக்கு கேட்க அதுதான் அத்தாட்சி. அப்புறம் வெண்டருக்கு நீங்கள் “பார்க்கும் அனுமதி” கொடுங்கள். ரிப்பேர் என்றால் ஒரு நாளைக்குத் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

வீட்டு பேட்டரியிலிருந்து காருக்கு ஏற்றவே கூடாதா என்றால், ஒரே ஒரு நேரத்தில் ஏற்றலாம். 2018இல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நிலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், காரில் சார்ஜ் இல்லை என்றால், 10 யூனிட் பேட்டரி முழுவதையும் கொடுத்தால் 50 கிலோமீட்டர் சுமாராக ஓடலாம். சுவர் சார்ஜரைத் தொடாதீர்கள். காரோடு வந்த 15 ஆம்பியர் கேபிளை பேக்கப் லைனில் இருக்கும் ஒரு சாக்கெட்டில் செருகி, காரிலோ கேபிளிலோ ஆம்பியரைக் குறைக்க வசதி இருந்தால் குறைத்து வையுங்கள். பல வீடுகளில் கார் அப்போதும் ஏற மறுத்து “எர்த் இல்லை” என்று காட்டும். ஈபி அறுந்ததும் சில இன்வெர்ட்டர்கள் நியூட்ரலையும் துண்டித்துவிடும், எர்த்தோடு இருந்த பிணைப்பு போய்விடும், அதனால் கார் பயந்து நிற்கும். ஈபி போனதும் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்) வசதி உங்கள் இன்வெர்ட்டரில் உண்டா என்று எலக்ட்ரீஷியன் வரும்போது பார்த்து, சரியாகப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். புயல் அடிக்கும் ராத்திரியில் இதைச் செய்ய முடியாது. யாராவது எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டுச் செருகலாம் என்றால் கேட்காதீர்கள், காரின் உடம்பிலேயே ஷாக் அடிக்கும். பகலில் வெயில் வந்தால், ஈபி இல்லாவிட்டாலும் உங்கள் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் பேனலிலிருந்து பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். மழைக்காலத்தில் காரை எப்போதும் 80 சதவீதத்தில் வைத்திருந்தால் இந்த நிலையே வராது.

எலக்ட்ரீஷியன் வேலையை முடித்ததும் அவரை அனுப்பிவிடாதீர்கள். இருட்டிய பிறகு காரைச் சார்ஜில் போட்டு அரை மணி நேரம் ஆப்பைப் பாருங்கள். வீட்டு லோடுக்காக ஓரிரு சதவீதம் போகலாம், காருக்காக பேட்டரி மளமளவென்று இறங்கக் கூடாது. பிறகு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். கார் நிற்க வேண்டும், ஃபேனும் அம்மாவின் மெத்தை பம்பும் ஓட வேண்டும். வெண்டருக்கு ஏதாவது பாக்கி இருந்தால், இவ்வளவும் நடந்த பிறகு, கணக்கும் உங்கள் பெயருக்கு மாறிய பிறகு கொடுங்கள்.