மகள் 'கிரிட்டிக்கல் ஃபெசிலிட்டி'யில் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் சார். கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வாகியிருக்கிறாள். ஒரு வருடப் பயிற்சி முடிந்ததும் 'கிரிட்டிக்கல் ஃபெசிலிட்டி'யில் சேர வேண்டும் என்கிறாள். போன வருடம் என் அண்ணன் கோவை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் 'கிரிட்டிக்கல்' என்று கிடந்து இறந்துபோனார். அந்த வார்த்தையைக் கேட்டாலே என் மனைவிக்குக் கை நடுங்குகிறது. அங்கே என்னதான் செய்கிறார்கள்? குண்டு வெடித்துப் பார்ப்பதா? நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று இருக்கிறது. முத்தோரையிலும் இப்படி ஒன்று இருப்பதாக ஊரில் பேச்சு. அங்கேயே வேலை கிடைக்காதா?

பதில்: அண்ணனை இழந்த வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்த வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆஸ்பத்திரியில் கிரிட்டிக்கல் என்றால் உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். அணு உலைக்காரர்கள் சொன்னால், உலை கூடாமல் குறையாமல் ஓடுகிறது என்று அர்த்தம். பள்ளிப் புத்தகத்தில் இதை மாறுநிலை என்பார்கள். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உலைகள் ஓடுகிற நாளெல்லாம் கிரிட்டிக்கலாகத்தான் இருக்கின்றன. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'இன்று கிரிட்டிக்கல் ஆனது' என்று வீட்டுக்குக் கடிதம் போட்டேன். மூன்றாம் நாள், யாருக்கு என்ன ஆச்சு என்று அம்மாவிடமிருந்து தந்தி வந்தது.

யுரேனிய அணுக்கரு ஒன்று பிளந்தால் சராசரியாக இரண்டரை நியூட்ரான் கிளம்பும். சில வெளியே தப்பிவிடும், சில வேறு பொருள்களில் மாட்டிக்கொள்ளும். மிச்சத்தில் சரியாக ஒன்று போய் அடுத்த அணுக்கருவைப் பிளந்தால் தொடர்வினை ஒரே சீராகப் போகும். அதுதான் மாறுநிலை. ஒன்றுக்குக் குறைந்தால் தானே அணையும், கூடினால் வளரும். இந்தக் கணக்குக்கும் எவ்வளவு சக்தி வருகிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் இருக்கைகளுக்கு அடியில், ஒரு ஸ்குவாஷ் கோர்ட்டில், கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் உலையை மாறுநிலைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று அதன் சக்தி அரை வாட். டார்ச் பல்புகூட அதைவிட அதிகம் எடுக்கும்.

கிரிட்டிக்கல் ஃபெசிலிட்டி என்பது அந்த வகை உலைதான். மின்சாரம் எடுப்பதற்கில்லை, அளந்து பார்ப்பதற்கு. 'பூஜ்ய சக்தி உலை' என்றும் சொல்வோம். டிராம்பேயில் இதற்குப் பழைய பரம்பரையே உண்டு. 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா உலை ஓடத் தொடங்கியது. அதைப் பூஜ்ய சக்தி உலை என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லோரும் கைபழகியது அங்கேதான். 1961-ல் ஸெர்லினா வந்தது. 1972-ல் புளூட்டோனிய எரிபொருளோடு பூர்ணிமா வந்தது. உங்கள் மகள் சொல்வது, 2008 ஏப்ரலில் மாறுநிலைக்கு வந்த கனநீர்க் கிரிட்டிக்கல் ஃபெசிலிட்டியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் சக்தி 100 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. கனநீர் என்பது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகை சேர்ந்த தண்ணீர்.

குண்டு வெடித்துப் பார்க்கிற வேலை இங்கே கிடையாது. புது உலை ஒன்றை வடிவமைக்கும்போது, எரிபொருளை இப்படி அடுக்கினால் எப்போது மாறுநிலை வரும் என்று கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்லும். அது சரியா என்று நிஜப் பொருளை வைத்துச் சரிபார்க்க ஓர் இடம் வேண்டும். எரிபொருளைக் கிடங்கில் எவ்வளவு நெருக்கி வைக்கலாம் என்ற பாதுகாப்பு விதிக்கும் கடைசி ஆதாரம் இந்த அளவீடுகள்தான்.

இனி, உங்கள் மகள் அந்த இடத்தில் ஒரு நாள் என்ன செய்வாள் என்று சொல்கிறேன். பயம் குறைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு தொட்டி. அதற்குள் எரிபொருள் கொத்துகள் வரிசையாகத் தொங்குகின்றன. தொட்டியில் கனநீர் இல்லாதவரை எதுவும் நடக்காது. நியூட்ரானின் வேகத்தைத் தணித்து அடுத்த பிளவுக்குத் தயாராக்குவது அந்த நீர்தான். ஆட்கள் எல்லோரும் தடித்த சுவருக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில். எரிபொருளுக்கு நடுவே, தானாக நியூட்ரான்களை உமிழும் சிறிய பொருள் ஒன்றை வைத்திருப்பார்கள். எண்ணும் கருவி டிக் டிக் என்று எண்ணிக்கொண்டிருக்கும். பம்பு கொஞ்சம் கனநீரை ஏற்றும், நிற்கும். எண்ணிக்கை நிலைக்கும்வரை காத்திருந்து, அதைத் தாளில் குறிக்க வேண்டும்.

எளிமைக்காக முழு எண்களாகவே சொல்கிறேன். தொடக்கத்தில் நொடிக்கு 100 எண்ணிக்கை என்று வையுங்கள். நீர் 100 செ.மீ. ஏறியதும் 200 ஆகிறது. எண்ணிக்கையை அப்படியே வரைபடத்தில் போட்டால் கோடு மேலே பறக்கும், ஒன்றும் புரியாது. அதனால் தலைகீழாகப் போடுவோம்: முதலில் 1, அப்புறம் அரை. இந்த இரண்டு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து இணைத்து நீட்டினால் கோடு 200 செ.மீ.யில் பூஜ்யத்தைத் தொடும். அங்கேதான் மாறுநிலை வரப்போகிறது என்று வராமலே தெரிந்துவிட்டது. உடனே 200-க்கு ஏற்றிவிட மாட்டார்கள். மிச்சமுள்ள தூரத்தில் பாதிக்கு மேல் ஒரே எட்டில் போகக் கூடாது என்பது விதி. 150 செ.மீ.யில் நிறுத்துவார்கள், எண்ணிக்கை 400. அடுத்து 175, எண்ணிக்கை 800. நிஜத்தில் புள்ளிகள் இவ்வளவு அழகாக நேர்கோட்டில் விழாது. கோடு வளையும், கணிப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகரும். ஒவ்வொரு எட்டும் சிறிதாகிக்கொண்டே போவது அதற்காகத்தான். நெருங்க நெருங்க எண்ணிக்கை நிலைக்கும் நேரமும் நீளும். காலையில் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அந்தக் காத்திருப்புதான். பிடிக்காதவர்கள் ஆறு மாதத்தில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுவிடுவார்கள்.

கட்டுப்பாடு கைவிட்டுப் போகாதா என்று கேட்பீர்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வண்டியை இரண்டாவது கியரில் பிடிப்பீர்கள் அல்லவா? உலைக்கும் அப்படி ஒரு கியர் இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. யுரேனியம்-235 பிளவில் வரும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறேழு உடனே வருவதில்லை. பிளந்த துண்டுகள் சிதையும்போது நொடிகள் கழித்து, சில ஒரு நிமிடம்கூடக் கழித்து வருகின்றன. தொடர்வினை அந்தத் தாமத நியூட்ரான்களை நம்பியிருக்கும்வரை, சக்தி ஏறுவதும் மனிதர் கவனித்துச் சரிசெய்யும் வேகத்தில்தான் இருக்கும். அவை இல்லாமலே மாறுநிலை வந்துவிட்டால் அது நியூட்ரலில் மலை இறங்குவதுபோல. அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போகாமல் இருக்கத்தான் இத்தனை சிறு சிறு எட்டுகள். மீறி ஏதாவது நடந்தால் நியூட்ரானை விழுங்கும் தடுப்புத் தண்டுகள் தானாக விழும், கனநீரும் தொட்டியிலிருந்து வடிந்துவிடும்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. மறைத்தால் உங்கள் மகளே நாளை படித்துச் சொல்லிவிடுவாள்.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் 1945 ஆகஸ்ட் 21 அன்று ஹாரி டாக்லியன் என்ற இளைஞர் புளூட்டோனியக் கோளத்தைச் சுற்றிக் கையால் உலோகக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டி கைநழுவி நடுவில் விழுந்தது, மாறுநிலையைத் தாண்டிக் கதிர்வீச்சு பாய்ந்தது. 25 நாளில் இறந்தார். ஒன்பது மாதம் கழித்து, 1946 மே 21 அன்று, அதே கோளத்தை வைத்து லூயிஸ் ஸ்லாட்டின் சோதனை காட்டினார். கோளத்தைச் சுற்றி மூடும் மேல் கிண்ணத்துக்கும் கீழ்க் கிண்ணத்துக்கும் இடைவெளி காத்தது ஒரு ஸ்க்ரூடிரைவர். அது வழுக்கியது. சட்டென்று கிண்ணத்தைத் தட்டிவிட்டு அறையில் இருந்த மற்ற ஏழு பேரைக் காப்பாற்றினார், ஒன்பதாம் நாள் இறந்தார். அதோடு கையால் செய்யும் சோதனைகள் அங்கே நின்றன. கட்டுப்பாட்டு அறை கால் மைல் தள்ளிப் போனது.

1983 செப்டம்பரில் புவனஸ் அயர்ஸில் ஆர்.ஏ.-2 என்ற கிரிட்டிக்கல் ஃபெசிலிட்டியில் தொட்டித் தண்ணீரை முழுதாக வடிக்காமலே எரிபொருளை மாற்றியமைத்த, உலையை இயக்கும் ஊழியர் இறந்தார். 1997 ஜூனில் ரஷ்யாவின் சாரோவில் அனுபவசாலி ஒருவர் விதியை மீறித் தனியாளாகச் சோதனையில் இறங்கி, மூன்று நாளில் உயிரிழந்தார். ஜப்பானின் டோகாய்முரா விபத்தை யூடியூபில் பார்த்துவிட்டு உங்கள் மனைவி பயந்திருக்கலாம். 1999 செப்டம்பர் 30 அன்று நடந்த அது ஆராய்ச்சி நிலையத்தில் நடக்கவில்லை, எரிபொருள் தயாரிக்கும் ஆலையில் நடந்தது. அங்கீகரிக்கப்பட்ட முறையை விட்டுவிட்டு, யுரேனியக் கரைசலை வாளியில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினார்கள். ஏழாவது வாளியில் மாறுநிலை வந்தது. இருவர் இறந்தார்கள்.

உலகில் பதிவான இத்தகைய விபத்துகளை லாஸ் அலமோஸ் ஆய்வகம் 2000-ல் தொகுத்தபோது மொத்தம் 60 இருந்தன. 22 ஆலைகளில், 38 ஆராய்ச்சி உலைகளிலும் சோதனைகளிலும். அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்ததில் என் கண்ணுக்குப் படுவது இரண்டு: கை, தண்ணீர். நம் உடம்பே பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அருகில் குனிந்து பார்க்கும் ஆள்கூட நியூட்ரானைத் திருப்பி அனுப்பும் சுவராகிவிடுகிறார். அதனால்தான் சோதனை ஓடும்போது ஆள் உள்ளே இருக்கக் கூடாது என்கிறார்கள்.

ஆகவே, 'ஆபத்தா' என்று அவளிடம் கேட்காதீர்கள். 'இல்லைப்பா' என்பாள், பேச்சு முடிந்துவிடும். முதல் மாதத்தில் அவள் அங்கே கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லி அனுப்புங்கள். இன்றைய சோதனையின் திட்டம் எழுத்தில் இருக்கிறதா, செய்பவரைத் தவிர வேறொருவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டாரா, எரிபொருளைத் தொடுமுன் நீர் வடிந்ததை எப்படி உறுதி செய்கிறார்கள், நிறுத்தச் சொல்லும் உரிமை புதிதாக வந்தவருக்கும் உண்டா. கடைசிக் கேள்விக்கு 'உண்டு' என்று தயங்காமல் பதில் வருகிற இடம் நல்ல இடம்.

கல்யாணம், குழந்தை விஷயம். சட்டையில் மார்புப் பக்கம் ஒரு சிறு பேட்ஜ் குத்தியிருப்பார்கள், கதிர்வீச்சு அளவு அதில் பதியும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. 100 வாட் உலையில் எரிபொருளே பெரிதாகக் கதிரியக்கம் ஏறாமல் இருப்பதால், அங்கு வேலை செய்வோருக்கு இந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போக வேண்டி வராது. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால், மீதி மாதங்களுக்கு வயிற்றுக் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட் என்று வரம்பு இறங்கிவிடும், வேலையை அதற்கேற்ப மாற்றித் தர வேண்டும். அதைத் தாமதிக்காமல் சொல்வது அவள் பொறுப்பு. பின்னால் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பாதிப்பு வருமா என்ற பயத்துக்கு: ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்துவந்தும் பரம்பரைக் கோளாறு கூடியதாகத் தெரியவரவில்லை. அவர்கள் வாங்கிய அளவு எங்கே, இது எங்கே. விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சு, சொல்லப்போனால், மும்பைக் கடற்கரையைவிட நம் மலையில்தான் அதிகம்.

அந்த விண்கதிரைப் பிடித்து ஆராய்வதுதான் ஊட்டி முத்தோரையில் இருக்கும் நிலையம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3. வானத்திலிருந்து விழுவதை எண்ணுகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் சரிவில் நீண்டு கிடக்கும் 530 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியும் வானத்தைக் கேட்பதற்கே. நீலகிரியில் அணு உலை எதுவும் இல்லை. சிங்காராவில் முன்பு பேசப்பட்டது நியூட்ரினோ ஆய்வகம். யானை வழித்தடத்தைக் காரணம் காட்டி 2009-ல் அனுமதி மறுக்கப்பட்டு, திட்டம் தேனிப் பக்கம் போனது. நியூட்ரினோவும் நியூட்ரானும் பெயரில்தான் சொந்தம். எனவே அவள் படிக்கப்போகிற படிப்புக்கு மலையில் வேலை இல்லை. வீட்டுக்குக் கொஞ்சம் பக்கமாக வேண்டுமென்றால் கல்பாக்கம் இருக்கிறது. தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233-ல் ஓடும் காமினி என்ற 30 கிலோவாட் உலை 1996 முதல் அங்கே உண்டு. மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் மதியத்துக்குள் போய்விடலாம். பயிற்சி முடியும்போது எந்த ஊர் வேண்டும் என்று அவள் விருப்பம் தெரிவிக்கலாம், கிடைப்பது காலியிடத்தைப் பொறுத்தது.

அனுப்புங்கள். வீட்டம்மாவுக்கு இந்தப் பதிலை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், தண்ணீர் ஏற்றும் பகுதியை இரண்டு தடவை. ஒருநாள் அவள் போனில் "அப்பா, இன்னைக்குக் கிரிட்டிக்கல் ஆச்சு" என்பாள். எத்தனை சென்டிமீட்டரில் என்று கேளுங்கள். அப்புறம், கோடு போட்டு நீட்டியபோது எவ்வளவு வந்தது என்றும் கேளுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி அரை மணி நேரமாவது பேசுவாள்.