தன்னையே குறிவைக்கும் செல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடலையே தாக்கக்கூடிய டி செல்கள் (கிருமிகளோடு போராடும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்படுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் நம் செல்களின் உட்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனையில் 1:80 பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. எல்லாம் அழிந்துவிட்டால் இது எங்கிருந்து வந்தது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

‘பெரும்பாலானவை’ என்று நான் எழுதியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

தைமஸில் வளரும் டி செல்களுக்கு உடலின் புரதத் துண்டுகள் காட்டப்படுகின்றன. கணையத்துக்கே உரிய இன்சுலினைக்கூட ‘ஏர்’ மரபணு அங்கே சிறிதளவு தயாரிக்க வைக்கிறது. அதை இறுகப் பற்றும் செல் சாகும், அல்லது மற்றவற்றை அடக்கிவைக்கும் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்’லாக மாறும். லேசாகப் பற்றுவது ரத்தத்துக்கு வந்துவிடும். சல்லடையை இன்னும் நெருக்கமாக்க முடியாது. கிருமியின் துண்டும் நம்முடையதும் சில சமயம் ஓரிரு அமினோ அமிலத்தில்தான் வேறுபடும். எல்லாவற்றையும் கொன்றால் அந்தக் கிருமியை அடையாளம் காண ஆளிருக்காது.

ஒய் குரோமோசோம் புரதம் ஒன்றைக் குறிவைக்கும் டி செல்களை 2015இல் எண்ணிப் பார்த்தார்கள். அந்தப் புரதமே இல்லாத பெண்களிடம் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடமும் இருந்தது. ஆனால் அவை மந்தமாகக் கிடந்தன. தூண்டுதலைப் பலமாக்கியதும் விழித்துக்கொண்டன!

மந்தத்துக்குக் காரணங்கள் உண்டு. டி செல் வேலையில் இறங்க, புரதத் துண்டோடு, அதைக் காட்டும் செல்லின் மேல் உள்ள சிடி80, சிடி86 என்ற புரதங்கள் தரும் இரண்டாவது சமிக்ஞையும் வேண்டும். கிருமியோ காயமோ இல்லாத இடத்தில் அது போதிய அளவு கிடைக்காது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் (சிடி4 வகை டி செல்களில் 5 முதல் 10 சதவீதம்) தம் மேல் உள்ள சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தின் மூலம் இருக்கும் சமிக்ஞையையும் உரித்தெடுத்துவிடும். டி செல்கள் பெருகத் தேவையான, அண்டையில் உள்ள இன்டர்லூகின்-2வையும் அவையே உறிஞ்சிக்கொள்ளும். 2025 நோபல் பரிசு இந்தச் செல்களுக்காகத்தான். புற்றுநோய் சிகிச்சையில் சிடிஎல்ஏ-4ஐ மருந்தால் தடுத்தால் சிலருக்குக் குடலும் பிட்யூட்டரியும் அழற்சியடைகின்றன. அவற்றைத் தாக்குபவை அத்தனை நாள் அடங்கியிருந்த செல்கள்தாம். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ மாத்திரை விளம்பரங்கள் இந்தப் பிரேக்கைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

உங்கள் ஏ.என்.ஏ., ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் பி செல்களின் வேலை. எலும்பு மஜ்ஜையில் புதிதாகப் பிறப்பவற்றில் பாதிக்கு மேல் தன்னையே பற்றும். முதிர்ந்த பிறகும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று மிஞ்சும். 1:80 என்றால் சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை) 80 மடங்கு நீர்த்த பிறகும் ஸ்லைடில் உள்ள செல்களின் உட்கரு ஒளிர்கிறது என்று பொருள். ஆரோக்கியமானவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இப்படி வரும். உடல் தன்னையே தாக்கும் நோயான லூபஸின் வகைப்பாட்டுக்கான 2019 விதிகளிலும் 1:80 வாசல்தான். அதைத் தாண்டி, அறிகுறிகளுக்கும் பரிசோதனை முடிவுகளுக்கும் தரப்படும் புள்ளிகள் 10 சேர வேண்டும், உடலில் ஓர் அறிகுறியாவது இருக்க வேண்டும்.

காலையில் மூட்டு இறுக்கம், வெயில் பட்டால் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் என ஏதாவது தென்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் அதே பரிசோதனையைத் திரும்ப எடுக்காதீர்கள். அடுத்த முறை 1:160 என்றோ 1:40 என்றோ வரலாம். ஒரு படி வித்தியாசம் ஸ்லைடைப் பார்ப்பவரின் கண்ணிலேயே வந்துவிடும்.