உருளைக்கிழங்கில் வைரஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேத்தி: உரம், தண்ணீர் எல்லாம் வழக்கம்போலத்தான். மகசூல் மட்டும் போன போகத்தில் பாதிகூட இல்லை. அடி இலைகள் மேல்பக்கமாகச் சுருண்டு நிற்கின்றன. என்ன காரணம் அண்ணா?

அந்த இலையைக் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்த காகிதம்போல் சரசரத்தால் இலைச்சுருள் வைரஸ்தான். இலையில் தயாராகும் சர்க்கரை கிழங்குக்கு இறங்கும் பாதையையே அது கெடுத்துவிடும். மாவு இலையிலேயே தங்கி இலை தடித்துப்போகும், கிழங்கு பருக்காது. கொழுந்து மட்டும் சுருண்டிருந்தால் இந்தப் போகத்தில் அசுவினி, அதாவது இலைச்சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி, கொண்டுவந்தது எனலாம். அடி இலையில் தொடங்கியிருப்பதால் உங்களுக்கு விதைக்கிழங்கோடு வந்திருக்கிறது.

சொந்த விதையா? பெரிய கிழங்கை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிட்டு, பொடிக்கிழங்கை விதைக்கு ஒதுக்கியிருப்பீர்கள். நோய் பிடித்த செடியில் விளைவது பெரும்பாலும் பொடிதான். குவியலில் பொடியாகப் பார்த்துப் பொறுக்கும்போது வைரஸையும் சேர்த்தே பொறுக்குகிறோம். அப்படியே போகத்துக்குப் போகம் நட்டால் மகசூல் படுத்துவிடும். இலைச்சுருளும், இலையில் திட்டுத்திட்டாகத் தேமல் உண்டாக்கும் ஒய் வைரஸும் முற்றிய வயலில் 80 சதவீதம் வரைகூட இழப்பு வரும்.

ஊட்டி: இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?

வைரஸுக்கு மருந்து கிடையாது. நோய்ச்செடியைக் கிழங்கோடு பிடுங்கி வயலுக்கு வெளியே அழியுங்கள்.

குன்னூர்: மருந்தே இல்லை என்றால் எப்படி? அசுவினிக்கு அடித்தேன், இலைச்சுருள் நின்றுவிட்டதே!

நின்றிருக்கும், அது உண்மை. இலைச்சுருள் வைரஸ் அசுவினிக்குள் ஏற அது நெடுநேரம் சாறு உறிஞ்ச வேண்டும். அப்புறம் உடலுக்குள் சுற்றிவரவும் நேரம் பிடிக்கும். அதற்குள் மருந்து கொன்றுவிடும். ஆனாலும் ஏற்கெனவே நோய் வந்த செடி தேறாது.

கோத்தகிரி: எனக்கு அடித்தும் தேமல் பரவியது. குன்னூர்க்காரர் சொல்வதை எப்படி நம்புவது?

இருவர் சொல்வதும் சரி, வைரஸ்தான் வேறு. தேமல் உண்டாக்கும் ஒய் வைரஸ் அசுவினியின் வாய்நுனியில் ஒட்டிக்கொண்டு போகும். ஒரு செடியைச் சில வினாடி குத்திப்பார்த்து அடுத்த செடிக்குப் பறந்தாலே போதும், மருந்து வேலை செய்வதற்குள் ஒட்டிவிடும். எக்ஸ் என்று இன்னொரு வைரஸ் உண்டு, அதற்கு அசுவினியே வேண்டாம். இலை உரசினாலும், விதை வெட்டும் கத்தியாலும் பரவும். எக்ஸ் தனியாக வந்தால் இழப்பு குறைவு, ஒய்யோடு சேர்ந்தால் செடி சுருங்கிக் குட்டையாகிவிடும்.

குன்னூர்: பஞ்சாபில் மட்டும் எப்படி நல்ல விதை எடுக்கிறார்கள்?

அங்கே அக்டோபரில் நட்டால் டிசம்பர் கடைசி வரை அசுவினி குறைவு. 100 இலைக்கு 20 அசுவினி என்ற கணக்கு வருமுன் தண்டை வெட்டிவிடுவார்கள், வைரஸ் கிழங்குக்கு இறங்காது. நீலகிரியில் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஆண்டு முழுக்கச் செடி நிற்கிறது. அசுவினிக்கும் வைரஸுக்கும் ஓய்வே இல்லை. அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன்: பொடியை விதைக்கு வைக்காதீர்கள். பச்சையாக நிற்கும்போதே நல்ல செடிகளுக்குக் குச்சி நட்டு, அவற்றின் கிழங்கை மட்டும் தனியே எடுங்கள்.

கூக்கல்தொரை: செடி மஞ்சளடித்துக் குட்டையாகிறது. வேரில் கடுகைவிடச் சின்ன மணிகள்.

அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு, வைரஸ் இல்லை. ஊட்டி அருகே முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைக் காட்டுங்கள்.

கொடைக்கானல்: தேமலுக்கு எந்த மருந்து நல்லது?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். படியுங்கள்.

மஞ்சூர்: வைரஸ் வந்த கிழங்கைச் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். நடத்தான் கூடாது.