ஃபைபர் கிளாஸ் ஸ்பீக்கர் பேனல்: லெதர் ஒட்டுமுன் பின்புறத்தைப் பாருங்கள்

கேள்வி: என் காரின் முன்கதவுகளில் ஆறரை அங்குல ஸ்பீக்கர்களைப் பொருத்த, ஃபைபர் கிளாஸில் தனிப் பேனல் செய்து தருவதாக ஒரு பட்டறையில் கூறுகிறார்கள். அவர்கள் காட்டிய மாதிரிகள் பார்வைக்கு அழகாகவே இருந்தன. முன்பணம் கொடுக்குமுன் எவற்றைக் கேட்டறிய வேண்டும்? நானே செய்துகொள்ள இயலுமா?

பதில்: அழகை வைத்து முடிவெடுக்காதீர்கள். மேலே ஒட்டும் லெதரும் அடிக்கும் பெயிண்டும் எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும் என்பதால், இந்த வேலையின் தரம் பேனலின் பின்புறத்தில்தான் தெரியும்.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வளையத்தை வேண்டிய கோணத்தில் நிறுத்தி, அதன்மேல் துணியை இழுத்துக் கட்டி, பாலியெஸ்டர் ரெசின் தடவி இறுகச் செய்வார்கள். இதனால் கிடைப்பது உருவம் மட்டுமே. வலிமை, அதன் உட்புறத்தில் ரெசினில் நனைத்துப் படியவைக்கும் ‘மேட்’ எனப்படும் கண்ணாடியிழை விரிப்பிலிருந்து வருகிறது. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்பைத் தரும். ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு நான்கைந்து அடுக்குகளாவது வேண்டும் என்பேன். மேட் அடுக்குகளைக் குறைத்து, மேலே பட்டியை (மேடுபள்ளத்தைச் சமன்செய்யப் பூசும் பசை) கனமாகப் பூசிச் சரிக்கட்டுவோரும் உண்டு. அத்தகைய பேனல் கனக்கும். ஆனால் ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் இயங்கும்போது தானும் சேர்ந்து அசைந்து, கீழ்ச்சுருதி ஒலியை மங்கச் செய்யும், நாளடைவில் பட்டியும் வெடிக்கும். எனவே லெதர் ஒட்டுமுன் பேனலை நேரில் காட்ட வேண்டும் என்பதை முதலிலேயே பேசி, மீதித் தொகையை அதற்குப் பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். விரல் முட்டியால் தட்டும்போது மேளம்போல் அதிர்ந்தால் அடுக்குகள் போதவில்லை.

அடுத்து, பேனல் எதில் பிடித்து நிற்கிறது என்று கேளுங்கள். பல கார்களின் கதவு டிரிம் (கதவின் உட்புற உறை) பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பாலியெஸ்டர் ரெசின் அதில் நிலையாக ஒட்டாது. வளையத்தைக் கதவின் உள்தகட்டோடு போல்ட் போட்டு முடுக்குவதே சரியான முறை. கதவுக் கண்ணாடியை முழுவதும் இறக்கினாலும் ஸ்பீக்கரின் காந்தம் அதில் இடிக்கக் கூடாது. சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த உணரி கதவினுள் இருப்பதால், தகட்டை வெட்டுவதாகச் சொன்னால் உங்கள் காரில் அது உண்டா என்று முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். திரை ஏர்பேக் (பக்கக் கண்ணாடியை மறைத்து விரிவது) உள்ள, முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் இவ்வேலையே வேண்டாம். பழைய டிரிம் ஒன்றை வாங்கிக் கொடுத்து அதில் செய்யச் சொன்னால், காரை விற்கும்போது அசல் டிரிம் உங்களிடம் பத்திரமாக இருக்கும்.

நீங்களே செய்வது இயலும். ஆனால் காருக்குள் வைத்து ரெசின் கலக்காதீர்கள். ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட் பொதுவாக ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம். மிகுந்தால் ரெசின் சூடேறி விரிசல் விடும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கக்கூடும் என்பதால், ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினையே வாங்குங்கள். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைத் துணி முகக்கவசம் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். செய்து முடித்த பேனலை, நெடி முழுவதும் போகும்வரை வெளியில் வைத்திருந்து, அதன் பிறகே கதவில் பொருத்துங்கள்.