ஸ்கேனில் முதல் நிலை நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாம் நிலை என்கிறார்கள். நோய் முற்றிவிட்டதா?

அப்படி இல்லை. ஸ்கேன் தருவது மதிப்பீடு; வெட்டியெடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதே உறுதியான முடிவு. ஸ்கேனில் சாதாரண அளவில் தெரிந்த நிணநீர் முடிச்சுக்குள்ளும் புற்றணுக்கள் இருக்கலாம். நுரையீரலுக்குள் உள்ள ஒரே ஒரு முடிச்சில் இருந்தாலும், கட்டி 1 செ.மீ.தான் என்றாலும், அது இரண்டாம் நிலைதான்.

முடிச்சுகளில் பரவாதபோது கட்டியின் அளவு முக்கியம். புற்றுநோயின் நிலையை வகுக்கும் டிஎன்எம் முறையின் எட்டாம் பதிப்புத் தரவில், அறுவைக்குப் பின் 5 ஆண்டு உயிர்வாழ்வு 1 செ.மீ. வரை சுமார் 90%, 2 வரை 85%, 3 வரை 80%, 4 வரை 73%. கட்டி 2 செ.மீ.தான், ஆனால் நுரையீரலின் மேலுறையைத் துளைத்திருக்கிறது என்றால் 3-4 செ.மீ. கட்டியோடுதான் சேர்ப்பார்கள். திசு ரிப்போர்ட்டில் வரும் இந்த ஒரு வரியைப் பலர் கவனிப்பதில்லை.

ரிப்போர்ட்டில் எத்தனை முடிச்சுகள் எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். மார்பின் நடுப்பகுதியில் குறைந்தது மூன்று இடங்களிலாவது எடுத்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் எடுத்துவிட்டு ‘பரவவில்லை’ என்றால் அதை முழுதாக நம்ப முடியாது. வெட்டிய விளிம்பில் புற்றணு இல்லையா, இஜிஎஃப்ஆர் (கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது) சோதனை செய்தார்களா என்றும் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். அடுத்த சிகிச்சை அதைப் பொறுத்தது.